துவக்கில் இல்லாத இலக்கம்

அந்த ரைபிள் துவக்கில் 617 என்ற இலக்கம் எங்கேயும் இல்லை. சட்டத்தரணி பலீலா பொலிஸாரிடமிருந்து வாங்கித் தந்த நாற்பத்தொரு படங்களையும் கொன்ஸ்ரன்ஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டாள். அனுமதிப்பத்திரம் 617 என்றது. இரும்பு 642871 என்றது. இந்த இரண்டு இலக்கங்களுக்கும் நடுவில் அவளுடைய கணவர் நாகேந்திரம் ஐந்து வாரமாக விளக்கமறியல் சிறையில் கிடந்தார்.

துவக்கு அவருடைய அப்பாவுடையது. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபக்டரியை நடத்தும் டீமேக்கராக இருந்த மனுஷன், பன்றி சுடுவதற்காக 1974-இல் வாங்கி, மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் பதிந்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு பத்திரம் மகன் பெயருக்கு மாறியது. துவக்கு கொட்டாஞ்சேனை வீட்டு அலுமாரிக்கு வந்தது. வருடாவருடம் காகிதத்தைத்தான் புதுப்பித்தார்கள். துவக்கை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. துவக்கு வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று இந்த வருடம் அறிவித்தபோது, நாகேந்திரம் அதைப் படுக்கை விரிப்பில் சுற்றி, ஓட்டோ பிடித்து, தானாகவே பொலிஸுக்குப் போனார். காட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இலக்கம் ஒத்துவரவில்லை. பத்திரத்தில் இருக்கும் துவக்கு எங்கே, இந்தத் துவக்கு யாருடையது என்று ஒரு கேள்வி இரண்டாகியது. அவரை அங்கேயே பிடித்து வைத்தார்கள்.

கொன்ஸ்ரன்ஸுக்குச் சட்டம் தெரியாது. இயந்திரம் தெரியும். இரத்மலானையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகத் தையல் மெஷின் திருத்துகிறவள் அவள். அதனால் துவக்கையும் ஒரு மெஷினாகவே பார்த்தாள். குழல் வந்து பொருந்தும் இரும்பு வளையத்தில் ஒரு கிரீடக் குறியும், ஹஸ்க்வர்னா என்ற பெயரும், 1943 என்ற வருடமும் இருந்தன. அந்தப் பெயரை அவள் தையல் மெஷினில் பார்த்திருக்கிறாள். அதே சுவீடன் கம்பனிதான். சுவீடன் படை பாவித்து, பிறகு கழித்து விற்ற துவக்கு. எம் முப்பத்தெட்டு என்று பெயர். பழைய நீளத் துவக்கைவிடக் குட்டை. இதையெல்லாம் இரண்டு நாளில் தேடிப் படித்துவிட்டாள்.

துவக்கின் மரக்கட்டையில் வலப்பக்கம் பதித்திருந்த பித்தளை வில்லையைக் கண்டதும், 617 அதில்தான் இருக்கிறது என்று நம்பினாள். இல்லை. அது துவக்கின் வைத்தியத் துண்டு மாதிரி. படையின் ஆயுதத் திருத்துநர் குழலின் உள் அகலத்தை அளந்து, அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது, உள்ளே எவ்வளவு துரு என்று அந்த வில்லையில் சின்னச் சின்னக் குத்துகளாகப் பதிவார். இந்தக் குழலுக்கு மூன்றாம் தரம். சுடலாம், அழகில்லை.

மற்றபடி, பெரிய இலக்கத்தின் கடைசி மூன்று எண்களான 871 ஒவ்வொரு சின்னப் பாகத்திலும் குத்தியிருந்தது. காரணம் அவளுக்கு உடனே புரிந்தது. நூறு துவக்கை ஒரே மேசையில் கழற்றித் துடைத்தால் பாகங்கள் கலந்துவிடும். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பூட்டுத்தண்டை ஒரு துவக்கிலிருந்து இன்னொன்றில் போட்டால், தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி ஒரு நூல் கூடினாலும் முகத்தில் வெடிக்கலாம். அதனால் பாகத்துக்குப் பாகம் இலக்கம். இந்தத் துவக்கில் ஒரு பாகம்கூட மாறவில்லை.

சட்டத்தரணியின் வெள்ளவத்தை அலுவலகத்தில் இதை அவள் ஆசையாக விளக்கியபோது பலீலா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எல்லா எடத்திலயும் 871 ஈக்கி. அதுதானே நமக்கு ஆப்பு. பாகம் மாத்தின துவக்கெண்டா, இலக்கம் அப்பிடி மாறிப்போச்செண்டு சரி செல்லலாம். இது முழுத் துவக்கு. பத்திரத்தில ஈக்கிறது வேற துவக்கெண்டு அவங்க செல்லுவாங்க."

"வெளிநாட்டில இப்பிடி எல்லா இலக்கமும் ஒத்துப்போற துவக்குக்கு நல்ல கிராக்கியாம், மேடம்."

"அப்ப ஒங்கட மாப்புள அங்க போய்ப் பிடிபட்டிருக்கலாம்." சிரிக்காமலே சொன்னாள் பலீலா. "பிணை ரெண்டு தரம் மறுத்தாச்சு. துவக்கை நேர்ல பாக்க அரை மணித்தியாலம் வாங்கித் தாறன். அதுக்கு மேல என்னால ஏலா."

நீதிமன்றத்தின் சான்றுப்பொருள் அறையில் சார்ஜன்ட் துவக்கை மேசையில் வைத்தார். "அல்லன்ன எப்பா, நோனா," என்றார் சிங்களத்தில். தொடக்கூடாது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தாள். குழல் முனை, குறிக்கம்பி, விசைக்காப்பு. எல்லாம் படத்தில் பார்த்தவை. கட்டையின் பின்பக்கம், தோளில் பொருந்தும் இடத்துக்கு வந்தபோது நின்றாள். அங்கே ஒரு கறுப்பு ரப்பர். வெறும் ரப்பரில் பார்க்க என்ன இருக்கிறது என்று அதை ஒருவரும் படம் பிடிக்கவில்லை.

ரப்பரைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளின் தலையிலும் சிலுவை வெட்டு. துவக்கின் மற்ற எல்லாத் திருகாணிகளிலும் நேர்கோட்டு வெட்டு. 1943-இல் போட்ட திருகாணிகள் இல்லை அவை. ஆகவே ஒரே ஒரு பாகம் மாறியிருக்கிறது.

"இதக் கழட்டிப் பாக்கலாமா, மாத்தயா?"

"ஓடர்ல பாக்க மட்டும்தான் இருக்கு," என்றார் சார்ஜன்ட், உடைந்த தமிழில். "கழட்ட வேற ஓடர் வேணும்."

வேறு நீதிமன்ற ஓடருக்கு மூன்று வாரம் சென்றது. அதற்குள் தொழிற்சாலை அவளுடைய லீவைச் சம்பளமில்லா லீவாக்கி, பிறகு அவளுடைய இடத்துக்கு வேறு ஆளையும் எடுத்துவிட்டது. சிறையில் கம்பி வலைக்கு அப்பால் வந்து நின்ற நாகேந்திரத்தின் சட்டைக் கழுத்துக்குள் ஒரு கையே போகும்போல இருந்தது.

"கொன்சி, நான் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போறன். ஒப்புக்கொண்டா தண்டத்தோட விட்டிருவாங்களாம். உள்ளுக்கு ஒரு ஆள் சொன்னவன்."

"அவன் எத்தினை வருஷமா உள்ளுக்கு இருக்கிறான்?"

"ஒம்பது."

"நல்ல சட்டத்தரணிதான் பிடிச்சிருக்கிறீங்கள்." அவள் வலையோடு முகத்தை ஒட்டினாள். "அத விடுங்கோப்பா. துவக்குக்குப் பின்னால ரப்பர் ஆர் போட்டது?"

"அப்பாதான். தோள் நோ எண்டு. எண்பத்தஞ்சிலயோ என்னவோ. ஃபக்டரி மெஷின் காலுக்குப் போடுற ரப்பர வெட்டிப் போட்டவர்."

"அதுக்கு முதல் என்ன இருந்தது?"

"ஒரு இரும்புத் தட்டு. அது எந்தக் குப்பைக்குப் போச்சுதோ."

"துவக்கப் பதிய அப்பாவோட கச்சேரிக்கு நீங்களும் போனீங்களா?"

"ஒருக்கா, சின்ன வயசில. துவக்க மேசையில வைக்கிறது. கிளாக்கருக்கு நேரே குழல் வாய் இருக்கக்கூடாதெண்டு சட்டம் மாதிரி. வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பித்தான் வைக்க வேணும். அவர் எழும்பவும் மாட்டார். முன்னுக்கு என்ன தெரியுதோ, அதப் பாத்து எழுதுவார்."

கொன்ஸ்ரன்ஸ் கண்ணை மூடினாள். மேசை, சுவர்ப்பக்கம் குழல், எழுதுகிறவரின் மூக்குக்கு நேரே துவக்கின் பின்தட்டு. சுவீடன் படைகள் அந்தத் தட்டின் முகத்தில்தான் படைப்பிரிவின் குறியையும், அந்தப் பிரிவுக்குள் துவக்கின் வரிசை எண்ணையும் குத்துவார்கள் என்று அவள் படித்திருந்தாள். தட்டோ குப்பைக்குப் போய் நாற்பது வருடம். ஆனால் இரண்டு இலக்கமும் ஒன்றாக இருக்கக்கூடிய இடம் இன்னும் ஒன்று இருந்தது. சில படைவீரர்களின் பெயரும் துவக்கின் இலக்கங்களும் எழுதிய காகிதத் துண்டு தட்டுக்கு அடியில், மரத்தோடு ஒட்டிக் கிடந்ததாகவும் படித்திருந்தாள். சிலருடையதுதான். எல்லாருடையதும் இல்லை.

"வழக்கு நாள் வரைக்கும் ஒண்டையும் ஒப்புக்கொள்ளாதேங்கோ."

"நாள் வந்தும் என்ன கிடைக்கப் போகுது?" என்றார் அவர். நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள்.

கழற்றும் ஓடர் வழக்கு நாளுக்கே கிடைத்தது. காலை எட்டே முக்காலுக்கு, அதே சான்றுப்பொருள் அறையில், நீதிமன்றப் பதிவாளரின் முன்னால் கழற்றத் தொடங்கினார்கள். மாமனார் ஒன்றை இறுக்கினால் இறுக்கியதுதான். முதல் திருகாணி அசையவேயில்லை. சார்ஜன்ட் இரண்டு தரம் வழுக்கவிட்டார். "தலை போயிரும், மாத்தயா. முதல்ல இறுக்கிற பக்கம் கொஞ்சம் திருப்புங்கோ, துரு உடையும். பிறகு கழட்டுங்கோ," என்றாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே செய்தார். கிரீச்சென்றது.

"துண்டு கெடச்சாலும் துவக்கத் திருப்பித் தராம வெட்டி அழிக்கத்தான் போறாங்க," என்று பலீலா காதுக்குள் சொன்னாள். "அவரும் இன்டைக்கே வெளிய வருவாரெண்டு எண்ணாதீங்க. ஒங்கட போன வேலையும் வராது. தெரிஞ்சு வெச்சுக்கொள்ளுங்க."

"தெரியும், மேடம்."

ரப்பர் மரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. பிய்த்து எடுத்தார்கள். அடியில் பழைய தட்டின் துருக்கோடு மரத்தில் வளையமாகத் தெரிந்தது. வளையத்துக்குள் தேயிலைச் சாயம் பட்டதுபோல் ஒரு பழுப்புக் காகிதத் துண்டு. சார்ஜன்ட் அதைச் சாமணத்தால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மேல் வரியில் யாரோ ஒரு சுவீடன்காரனின் பெயர். கீழே, ஒரே கையெழுத்தில், இரண்டு இலக்கங்கள். பதிவாளர் அவற்றைத் தானே வாசித்தார். பிறகு பலீலாவைப் பார்த்து, இதன் அர்த்தம் என்ன என்று கேட்டார். பலீலா கொன்ஸ்ரன்ஸைப் பார்த்தாள். கொன்ஸ்ரன்ஸ் சொல்லச் சொல்ல, பதிவாளர் எழுதினார்:

642871 தொழிற்சாலை இட்ட இலக்கம். 617 படைப்பிரிவு பின்தட்டில் குத்திய இலக்கம். 1974-இல் கச்சேரியில் அதைத்தான் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பத்திரத்தில் உள்ள துவக்கும் மேசையில் உள்ள துவக்கும் ஒன்றே.