செயலாளர் சொன்ன சாட்சியம்

நேசமலர் செயலாளராக இருந்த நகரசபை, களனி ஆற்றுக்கு அப்பால் இருந்தது. சபைத் தலைவரான தவிசாளரைத் தேர்தல் கொண்டுவரும். சபையை நாளாந்தம் நடத்துவது செயலாளர்தான். குப்பை லொறியிலிருந்து மயானம்வரை எல்லாம் அவள் தலையில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நிர்வாக சேவைப் பரீட்சை எழுதி, பல ஊர்க் கந்தோர்களில் உழைத்து ஏறியவள். அடுத்ததாக ஒரு மாநகரசபையின் ஆணையாளர் பதவிக்கு அவள் பெயர் போயிருந்தது.

பொறுப்பேற்றதுமே அவள் ஓர் உத்தரவு போட்டாள்: கழிவுநீர்க் குழிக்குள் எந்த ஆளையும் இறக்கக் கூடாது, உறிஞ்சும் லொறிதான் போக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தவிசாளருடைய மைத்துனரின் கலியாண மண்டபத்தில் குழி அடைத்துக்கொண்டது. லொறி பழுதாகி நின்றது. சபைத் தொழிலாளி புஷ்பராஜை வீட்டிலிருந்து கூப்பிட்டு இறக்கினார்கள். உள்ளே நச்சுக் காற்று. அவனைப் பிணமாகத்தான் மேலே எடுத்தார்கள்.

மறுநாள் தவிசாளர் அவளைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். சிங்களத்தில் நிதானமாகப் பேசினார்.

"நான்தான் அவனுக்குப் போன் எடுத்து வரச் சொன்னேன். மண்டபம் நிறைய ஆட்கள், வேறென்ன செய்வது? ஆனால் மரண விசாரணையில் நீங்கள், சபை அனுப்பவில்லை என்று சொல்லுங்கள். லீவு நாளில் களவாகக் கூலிக்குப் போயிருக்கிறான்."

"அவர் எங்கள் ஆள், சேர்."

"செத்தவனுக்கு இனி என்ன? நீங்கள் கமிஷனராக வேண்டிய ஆள். அதை யோசியுங்கள்."

அவள் எழுந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். பயத்தில் அல்ல, கோபத்தில்.

அன்று பின்னேரம் முகத்துவாரம் பகுதியில் இருந்த புஷ்பராஜின் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி ஜெயராணி தேயிலைத் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அழுது ஓய்ந்த முகத்தோடு அவள் ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"சோத்த பாதியில வச்சிட்டு எழும்பிப் போனாருங்க. சேர்மன் கூப்புடுறாருன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. இப்ப களவா போனாருன்னு கதைக்கிறாங்க. நீங்களும் அப்படித்தான் சொல்லுவீங்களா மேடம்?"

"இல்லை," என்றாள் நேசமலர்.

வெள்ளவத்தையில் வீட்டுக்கு வந்தபோது கணவர் தியாகராசாவுக்கு விசயம் எட்டியிருந்தது.

"உமக்கென்ன விசரே? இவ்வளவு காலம் கஷ்டப்பட்டு வந்தது, கடைசியில கெடுத்துக்கொள்ளவோ? தெரியாதெண்டு சொல்லிப்போட்டு இருமன்."

"எனக்குத் தெரியுமே. ஒரு மனுசனைப் பீக்குழியில இறக்கிச் சாக்கொண்டுபோட்டு, இப்ப அவனைக் கள்ளனெண்டு சொல்லட்டாம். அதையும் என்ரை வாயால சொல்லட்டாம். அப்பிடி வாற பதவி எனக்கென்னத்துக்கு?"



விசாரணையில் அவள் சுற்றி வளைக்கவில்லை. புஷ்பராஜைத் தவிசாளரே அழைத்தார், அதைத் தன்னிடம் அவரே சொன்னார், அவன் போனது சபையின் வேலைக்காரனாக என்றாள். "பணியாளர்களுக்கெல்லாம் தலைமை அதிகாரி நான். என் உத்தரவை மீறி இது நடந்திருந்தாலும், அவரைப் பாதுகாக்க வேண்டியது இந்தச் சபை. அது பாதுகாக்கவில்லை."

தவிசாளரின் சட்டத்தரணி அவளை நெடுநேரம் குடைந்தார். அவள் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கடமையின்போது நேர்ந்த மரணம் என்று தீர்ப்பானது. ஜெயராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சில நாட்களிலேயே இடமாற்றம் வந்தது. மாகாணக் கந்தோரில் ஒரு மேசை, வேலை எதுவும் கிடையாது. ஆணையாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. தவிசாளர் மீது ஒரு கேள்வியும் எழவில்லை.

அவரே பிரியாவிடை ஏற்பாடு செய்து, நினைவுச் சின்னத்தோடு புன்னகைத்தபடி வந்தார். நேசமலர் அதை வாங்கக் கையை நீட்டவில்லை. முன்னால் நின்ற தொழிலாளர்களைப் பார்த்து இரு மொழியிலும் சொன்னாள்:

"யார் கூப்பிட்டாலும் குழிக்குள் இறங்காதீர்கள். தவிசாளர் கூப்பிட்டாலும்தான். அதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் என்னிடம் வாருங்கள். உங்களுக்காகச் சாட்சி சொல்ல நான் எங்கேயும் வருவேன்."

தவிசாளரின் புன்னகை போய்விட்டது. அவர் நினைவுச் சின்னத்தை நீட்டியபடியே நிற்க, அவள் படியிறங்கி, வெள்ளவத்தை பஸ் எடுக்க நடந்தாள். கோபம் மட்டும் கொஞ்சமும் ஆறவில்லை. ஆறக் கூடாதென்றே அவள் நினைத்தாள்.