அறுபத்துநான்கு கிலோ

அப்பாவின் அடையாள அட்டை அலமாரியில் இல்லை, தலையணைக்கு அடியில் இல்லை, மூக்குக்கண்ணாடிக் கூட்டிலும் இல்லை. "அக்கா, கிடைச்சுதா இல்லையா? வண்டிக்காரர் அட்டை நம்பர் கேக்கறார்" என்று தம்பி வாசலிலிருந்து இரண்டு தடவை கத்திவிட்டான். மகள், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். மூன்றாவது சட்டைப் பையில் அட்டை அகப்பட்டது. கூடவே விரலில் வேறொன்றும் குத்தியது. கத்தரிக்கோலால் வெட்டிய மாத்திரை அட்டைத் துண்டு. ஆறு குழிகளில் ஐந்து காலி, ஒன்றில் மட்டும் மாத்திரை இருந்தது.

மருந்தின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துதான் வெட்டுக்கு இந்தப் பக்கம் தங்கியிருந்தது. பத்தொன்பது வருடமாக மருந்தியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவளுக்கு அது போதாதா? மூட்டுவலி மாத்திரை. அப்பா நாலு வருடமாக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டும் ஒரு வயிற்றில் சேரக்கூடாது. சேர்ந்தால் வயிற்றுக்குள்ளே ரத்தம் கசியும். வெளியே ஒன்றும் தெரியாது. அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

முழங்கால் வலிக்கிறது என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை, வயிறும் ஒரு மாதிரி இருக்கிறது என்றார். அவள் மடியில் நாற்பது ரெக்கார்டு நோட்டு இருந்தது. "ஞாயித்துக்கிழமை டாக்டர்கிட்ட போலாம்பா" என்று நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். நேற்றுக் காலை குளியலறையில் விழுந்தார், சாயந்திரம் போய்விட்டார். இன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை.

மருத்துவமனைச் சீட்டில் 'வயது முதிர்வு, இதயச் செயலிழப்பு' என்று எழுதியிருந்தது. எழுதிய டாக்டரைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தூங்கி இரண்டு நாள் ஆன முகம் அது. இவள் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். இவளுக்கே தெரியாதே, என்னத்தைச் சொல்வது?

அட்டைத் துண்டைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, அடையாள அட்டையைத் தம்பியிடம் கொடுத்தாள்.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அத்தை, அப்பாவின் தங்கை, வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். "ஒருத்தருக்கும் ஒரு தொந்தரவு வைக்கலையே எங்கண்ணன்! படுத்தாரு, போயிட்டாரு. பொண்ணு மருந்து படிச்சவ, கண்ணுல வெச்சுப் பாத்துக்கிட்டா. அவ இருக்கவே இத்தனை வருஷம் இருந்தாரு." மகளுக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடி எங்கே போவது? தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்குத் துறைத் தலைவர் வந்தார், கூட மூன்று மாணவர்கள். அதில் ஒரு பெண் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இவர்தானா அறுபத்துநாலு கிலோ?"

அவன் தலையாட்டினான். அந்தப் பெண் பொத்துக்கொண்டு அழுதாள். சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இது யார், இந்த வீட்டில் யாருமே இவ்வளவு அழவில்லையே என்று.

அந்தக் கதை பதினொரு வருடத்துக் கதை. மருந்து சாப்பிட்டவருக்கு எதிர்பாராத கெடுதல் வந்தால் அதைப் படிவத்தில் எழுதிக் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அதுதான் அவள் நடத்துகிற பாடம். ஒவ்வொரு மாணவரும் ஐந்து நோயாளிகளை நேரில் விசாரித்து ஐந்து படிவம் எழுத வேண்டும் என்கிறது பாடத்திட்டம். விசாரிக்க நோயாளி வேண்டாமா? மருத்துவமனையில் வார்டுக்குள் விடமாட்டார்கள். நடைபாதையில் கால் மணி நேரம் வரிசையாக நிற்கவைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கல்லூரியிலும் கண்காணிப்பு மையம் என்று பலகை மாட்டிய ஒரு அறை உண்டு. உள்ளே பழைய விடைத்தாள் கட்டுகளும் கால் உடைந்த நாற்காலிகளும் குடியிருந்தன. அங்கிருந்து இதுவரை உருப்படியாக ஒரு படிவம் வெளியே போனதில்லை.

அதனால் அவளே ஒரு நோயாளியை உண்டாக்கினாள். முதல் வருடம் அவசரத்தில் அப்பாவின் விவரத்தை அப்படியே கரும்பலகையில் எழுதிப்போட்டாள். ஆண், வயது அறுபத்தைந்து, எடை அறுபத்துநான்கு. அடுத்த வருடம் மாற்ற நேரமில்லை. அதற்கடுத்த வருடம் மாற்ற வேண்டும் என்ற நினைப்பே இல்லை. வருடத்துக்கு அறுபது பேர் அப்பாவுக்குச் சொறி வரவைத்தார்கள், காமாலை வரவைத்தார்கள், மயங்கி விழவைத்தார்கள். 'விளைவு' என்ற கட்டத்தில் எல்லோரும் 'குணமடைந்தார்' என்பதில் டிக் அடித்தார்கள். மாணவர்களுக்குள் அவர் பெயர் 'அறுபத்துநாலு கிலோ'. அப்பாவுக்கும் தெரியும்.

"இந்த வருஷம் எனக்கு என்ன வியாதி?" என்பார்.

"காமாலைப்பா."

"போன வருஷம் சொறி. பரவால்ல, பதவி உயர்வுதான்."

துறைத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். இந்த நேரத்துல சொல்லக்கூடாது. புதன்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். மீதி ரெக்கார்டு நோட்டெல்லாம் கையெழுத்தாகணும். நீங்க வரவே வேணாம், ஓய்வெடுங்க. நான் வீட்டுக்கே குடுத்தனுப்பறேன்."

"அனுப்புங்க சார்" என்றாள். மறுக்கக்கூடத் தெம்பில்லை.

அவர் போகிற வழியில் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தவன் ஒதுங்கி நின்று வணக்கம் சொன்னான். கார்பன். நேற்று ராத்திரியிலிருந்து இந்த வீட்டு வேலையை இழுத்துப் போட்டுச் செய்கிறவன் அவன்தான். பந்தல், தண்ணீர், தேநீர்த்தூள் எல்லாமே அவன் ஏற்பாடு. அவளிடம் படித்தவன். தெருமுனை மருந்துக்கடையில் ஏழு வருடமாக மருந்தாளுநர். படிக்கிற காலத்தில் அவன் ரெக்கார்டு நோட்டு, பக்கத்துப் பையன் நோட்டின் அச்சாக இருக்கும். கமாகூட இடம் மாறாது. அப்படி வந்த பெயர். தினமும் காலையில் அப்பா அவன் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் செய்தித்தாள் படிப்பார்.

இந்தத் தெருவில் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக் கொடுக்கிற கடை அது ஒன்றுதான்.

தம்பி காலையிலிருந்து யாரையாவது அடிக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தான். வண்டிக்காரரோடு ஒரு சண்டை ஆயிற்று, நாற்காலி வாடகைக்காரரோடு ஒன்று. தலைப்பில் முடிந்திருப்பதை அவனிடம் காட்டினால் போதும், கார்பன் கதை இங்கேயே முடிந்துவிடும். காட்டாமல் குப்பையில் போட்டால்? அப்பா வயதாகிச் செத்தார், அவ்வளவுதான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. கார்பன் நாளைக்குக் கடை திறப்பான். வேறொரு கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவார்.

இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறைந்தது. "கொஞ்சம் உள்ள வா" என்று அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். முடிச்சை அவிழ்த்துத் துண்டை மேசையில் வைத்தாள்.

"இது உன் கடையிலதா?"

கையில் எடுத்துப் பார்த்தான். "ஆமாம் மேடம். முழங்கால் வலின்னாரு. திங்கக்கிழமை ஆறு..." பேச்சு அங்கேயே நின்றது. துண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்பா வேற ஏதாவது மாத்திரை..."

"நாலு வருஷமா. ஆஸ்பத்திரியில வாங்கறது. ரத்தம் உறையாம இருக்கிறதுக்கு."

வெளியே அத்தை யாரிடமோ மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கேட்டேன் மேடம். சத்தியமாக் கேட்டேன். வேற எதுவும் சாப்பிடறீங்களான்னு. 'அதெல்லாம் என் பொண்ணு பாத்துக்கறா'ன்னாரு. மேடம் வீடாச்சே, நாம என்ன குடைஞ்சு குடைஞ்சு கேக்கறதுன்னு விட்டுட்டேன். வேற யாராவதா இருந்தா சீட்டு இல்லாமக் குடுத்திருக்கவே மாட்டேன்."

துண்டை மேசையில் திரும்ப வைத்தான்.

"இதே கேஸ்தான் மேடம்" என்றான். "என் நோட்டுல மூணாவது ஃபார்ம். ரத்த மாத்திரையும் வலி மாத்திரையும். வயித்துல ரத்தக்கசிவு. நான் எழுதினேன்."

"நீ எழுதல. பாத்து எழுதினே."

"நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

குற்றம் சாட்டுகிற குரலில்லை. நடந்ததைச் சொன்னான். பார்த்து எழுதியது என்று தெரிந்துதான் போட்டாள். அறுபது நோட்டு, ஒரு இரவு. எல்லாம் சரி பார்த்து, எழுத்துப் பிழையைக்கூட விடாமல் திருத்திக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கும் மாணவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், 'சிவப்பு மை'. தப்பாக எழுதினால் சுரண்டி அழிக்கக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. ஒற்றைக் கோடு போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். இதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் பிள்ளைகள் சொல்வார்கள்.

"தம்பி... உங்க தம்பிக்கு..." என்று நாக்குக் குழறினான்.

"தெரியாது."

"போலீஸா மேடம்?"

"படிவம்" என்றாள். "எழுதி அனுப்பப் போறேன். வகுப்புல என்ன சொல்லியிருக்கேன்? இது புகார் இல்ல, தகவல். யாரையும் தண்டிக்க இல்ல. அடுத்தவனுக்கு நடக்காம இருக்க."

"அது பாடம் மேடம். என் லைசென்ஸ் போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. ரெண்டு குழந்தைங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "போகாதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு யாரும் நிஜமாக அனுப்பியதில்லை.

"தெரியாதுப்பா" என்றாள். "நான் ஒண்ணுகூட அனுப்பினதில்ல."

தனக்கு அவன்மேல் கோபம் வரும் வரும் என்று பார்த்தாள். வந்தது, ஆனால் பாதிக்குமேல் அவள்மேலேயே திரும்பிவிட்டது. மிச்சத்துக்குச் சத்து இல்லை.

"மருந்தோட தொகுதி எண், பேட்ச் நம்பர் வேணும்" என்றாள். "இந்தப் பக்கம் இல்ல. வெட்டினதோட மீதி உன் கடையில இருக்கணும். வித்துட்டேன்னு நீ சொன்னா நான் எதுவும் கேக்க முடியாது. அந்த இடத்தைக் காலியா விட்டுடுவேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனான். வருவானா மாட்டானா என்று அவளுக்கு நிச்சயமில்லை. தேநீர்க் குவளைகளைக் கழுவினாள். எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, மறுபடி ஒருமுறை கழுவினாள். கூடத்தில் தம்பி, "கார்பன் எங்க? வேலை இருக்கிற நேரத்துல ஆளைக் காணோம்" என்று சத்தம் போட்டான். "நான்தான் அனுப்பியிருக்கேன்" என்றாள்.

மூன்றேகாலுக்கு வந்தான். மேல்மூச்சு வாங்கியது. மீதித் துண்டை மேசையில் வைத்தான். இரண்டையும் அவன்தான் பக்கத்தில் பக்கத்தில் தள்ளினான். வெட்டு கொஞ்சம் கோணலாக இருந்தது, ஆனாலும் விளிம்பு விளிம்போடு பொருந்தியது. பெயர் முழுதாகத் தெரிந்தது, கீழே தொகுதி எண்.

அவள் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். மூடி, மறுபடி திறந்தாள்.

"குடுங்க மேடம், நான் எழுதறேன்" என்றான்.

நோயாளி பெயர் என்ற இடத்தில் அப்பாவின் முதலெழுத்துகளை மட்டும் எழுதினான். "வயசு?" என்று கேட்டான்.

"எழுபத்தாறு."

"எழுபத்தாறா?" என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினான். மருந்தின் பெயர், தொகுதி எண், எத்தனை நாள், கூடச் சாப்பிட்ட மருந்து. என்ன ஆயிற்று என்ற இடத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுதினான். வியாழக்கிழமை வயிற்றைப் பற்றிச் சொன்னதையும் 'மகளிடம் தெரிவித்தார்' என்று சேர்க்கச் சொன்னாள். மருந்து வழங்கியவர் என்ற கட்டத்தில் யாரும் சொல்லாமலே தன் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதினான். விளைவு என்ற இடத்தில் பேனா நின்றது. ஏழு கட்டங்கள் உண்டு அதில். 'மரணம்' என்ற கட்டத்தில் அவன் ஒரு நாளும் டிக் அடித்ததில்லை. அடித்தான்.

படிவத்தை அவள் பக்கம் திருப்பினான். அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். தப்பு ஒன்றும் இல்லை. தேதியைச் சரிபார்க்க மருத்துவமனைச் சீட்டை எடுத்துப் பிரித்தாள். உள்ளே கொண்டுபோனபோது நர்ஸ் எழுதிய வரி மேலேயே இருந்தது. ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, எடை.

படிவத்தைப் பார்த்தாள். சீட்டை மறுபடி பார்த்தாள். எடையை அவன் அவளைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

"ஐம்பத்தொண்ணு" என்றாள். "ஐம்பத்தோரு கிலோதான் இருந்திருக்கார்."

"அக்கா, வண்டி வந்தாச்சு!" என்று வாசலில் தம்பி கத்தினான்.

கார்பன், எடைக் கட்டத்தில் தான் எழுதியிருந்த எண்ணின்மேல் ஒற்றைக் கோடு போட்டான். பக்கத்தில் ஐம்பத்தொன்று என்று எழுதினான். சின்னதாகக் கையெழுத்து, தேதி. பேனாவை அவளிடம் நீட்டினான்.

அவளும் போட்டாள். கோட்டுக்கு அடியில் அறுபத்துநான்கு நன்றாகப் படிக்கத் தெரிந்தது.