தானாகப் போனவன்

“ஏலாது எண்டு சொல்லுறா” என்று அதிகாரியின் ஜெர்மனைத் தமிழாக்கினான் குலேந்திரன்.

சிவலிங்கம் அவன் பக்கம் திரும்பினான்.

“ஏனாம்?”

மேசைக்கு அந்தப் பக்கம் வேலையற்றோர் அலுவலக அதிகாரி ஹூப்லர் அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முகத்தில் கோபமுமில்லை, இரக்கமுமில்லை.

இருவரும் வேலை பார்த்த, ஷ்லீரன் ஊர் நூலாலையை அந்தச் சித்திரையில் பூட்டிவிட்டார்கள். ஆசியாவிலிருந்து பாதி விலைக்கு நூல் வந்து இறங்கினால் முதலாளி வேறென்ன செய்வார்? வேலை போனவர்களுக்கு அரசாங்கச் செலவில் புதுத் தொழில் பழக்குகிறார்கள். கம்ப்யூட்டர் பூட்டிய, இரும்பு கடையும் கடைசல் மெஷின். பழகி முடியும்வரை கையில் காசும் கிடைக்கும். குலேந்திரனுக்கு அந்தப் பயிற்சியில் இடம் கிடைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியைப் பாதியில் விட்டு ஓடிவந்த சிவலிங்கத்துக்கு அந்த மெஷின் மேல் உயிர். கிடைக்காவிட்டால் உணவகத்தில் சட்டி கழுவ வேண்டியதுதான்.

“ஆலையைப் பூட்டேக்க வேலையில இருந்த ஆக்களுக்குத்தானாம். நீ அதுக்கு முதலே தானாய் விட்டனியாம்.”

“நானோ? அண்ணை, நடந்ததை வடிவாய்ச் சொல்லுங்கோ. சொன்னால் விளங்கும்.”

நடந்தது இதுதான். மாசியில் மேற்பார்வையாளர் சாயப் பகுதிக்கு வந்து, ஒருவரைக் குறைக்க வேண்டும் என்றார். யாரை என்று சொல்லவில்லை. அங்கே இருந்தது இவர்கள் இரண்டு பேரும்தான். அன்று பின்னேரம் சோறு தின்றுகொண்டே முடிவாகிவிட்டது. பிள்ளைகுட்டிக்காரன் இருக்கட்டும், தனியாள் போகட்டும். மறுநாள் சிவலிங்கம் தானே போய் விலகல் தாளில் கையெழுத்து வைத்தான். மேற்பார்வையாளர் கைகூடக் குலுக்கினார்.

குலேந்திரன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். தனக்குத் தெரிந்த ஜெர்மனை எல்லாம் அள்ளிக் கொட்டினான். சிவலிங்கத்தின் தோளில் தட்டினான். தன் நெஞ்சைத் தொட்டான். பிள்ளைகளின் உயரத்தைக் கையால் காட்டினான்.

அம்மையார் குறுக்கே ஏதோ கேட்டாள்.

“யா! யா!” என்று பெருமையாக ஆமோதித்தான் குலேந்திரன்.

அவள் எழுதினாள்.

“என்ன கேட்டவா?”

“ஆரும் நெருக்காமல் நீ தானாய்த்தான் விட்டனியோ எண்டு. ஓமோம், இவன் மனம் விரும்பி விட்டுத் தந்தவன், அப்பிடிப்பட்ட பெடியன் எண்டு சொன்னன்.”

“ஐயோ அண்ணை!”

“ஏன்ரா? புகழ்ந்துதானே சொன்னனான்!”

“அந்தப் புகழாலதான் என்னைக் குழிக்குள்ள இறக்கிப் போட்டியள்!”

அம்மையார் எழுதியதை வாசித்துக் காட்டினாள். விண்ணப்பதாரர் தன் விருப்பப்படி விலகியதை நண்பரும் உறுதிப்படுத்தினார். நிராகரிக்கப்படுகிறது.

குலேந்திரனின் முகம் வெளிறியது. மறுகணம் மேசையில் ஓங்கி அடித்தான்.

“அப்ப என்ரை இடத்தை இவனுக்குக் குடுங்கோ!”

தமிழில் கத்தியதை ஜெர்மனிலும் கத்தினான். அம்மையார் பதறவில்லை. புதிய தாள் ஒன்றை இழுத்தாள். பேனாவைத் திறந்தாள். குலேந்திரனை நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

சிவலிங்கத்துக்கு ஜெர்மன் மட்டுமட்டுத்தான். ஆனால் அவள் கையும் பேனாவும் போகும் போக்கு விளங்கியது. இவனும் தானாக விலகுகிறான் என்று எழுதப் போகிறாள். இடம் தனக்கு வராது. அவனுக்கும் இராது.

குலேந்திரன் வாயைத் திறந்தான்.

சிவலிங்கம் பாய்ந்து அந்த வாயைப் பொத்தினான்.

“நைன்! நைன்!” என்று அம்மையாரைப் பார்த்து மறுத்துக் கத்தியபடியே அவனை அறைக்கு வெளியே இழுத்து வந்தான்.

“விடடா! நான் கதைக்கிறன்!”

“நீங்கள் கதைச்சது காணும், நிப்பாட்டுங்கோ. பிள்ளையளுக்காக நான் விட்ட இடம் அண்ணை அது. அதையும் துலைச்சுப் போட்டு வீட்டை போய் என்ன சொல்லப் போறியள்?”

குலேந்திரன் சுவரில் சாய்ந்து நின்றான்.

சிவலிங்கம் படியிறங்கி வெளியே வந்தான். யாரைத் திட்டுவது? அண்ணையையா, அம்மையாரையா, கப்பலில் வந்த நூலையா? வாசலிலிருந்த குப்பைத்தொட்டியை ஓங்கி உதைத்தான்.

நிலத்தோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கிய தொட்டி. அசையவே இல்லை. கால்விரல்தான் நொந்தது.