பதினொரு பேர்

இணையத்தில் எழுதப்படும் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு ஆதாரம் சரிபார்ப்பவள் நான். சம்பளம் கிடையாது, கெட்ட பெயர் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். ‘மந்தாகினி’ என்ற போர்க்கப்பலைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி கண்ணை உறுத்தியது: “1942 ஜூனில் கப்பல் மூழ்கியபோது அதன் மாலுமி மேட்டூர் அற்புதராஜ் பதினொரு பேரைக் காப்பாற்றினார்.”

அதற்கு ஆதாரம் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் விழா மலர். மலரைத் தேடிப் பிடித்தால், அதற்கு ஆதாரம் அற்புதராஜின் நினைவு அட்டை. இறந்தவரின் வருஷத் திருப்பலியன்று படம் போட்டு அச்சடித்துக் கோயில் வாசலில் கொடுப்போமே, அதுதான். நினைவு அட்டைகளை நம்பினால் எங்கள் சனத்தில் இதுவரை ஒரு கெட்டவர்கூடச் செத்ததில்லை. அதைப் போய் ஆதாரம் என்கிறார்களே என்று எரிச்சலாக வந்தது.

ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து கிளம்பி மேட்டூர் பஸ் ஏறினேன். அட்டை அடித்தவர் அற்புதராஜின் மகன் வின்சென்ட். அனல் மின் நிலையத்தில் ஓய்வு பெற்றவர், எழுபத்தேழு வயது.

“ஏனுங்கய்யா, அந்தப் பதினொரு பேரு யாருங்க?” என்று நேராகவே கேட்டேன்.

“நானாப் போட்டதுங்க சாமி” என்றார். “கப்பல் முழுகி ரெண்டு மாசத்துல அப்பா ஊடு வந்து சேந்தாருங்க. அத்தனை பேரு செத்தப்ப இவன் மட்டும் எப்படி வந்தான், ஓடியாந்துட்டான்னு ஊரே பேசுச்சு. திரும்ப வேலைக்குப் போனதைக்கூட, பிடிச்சுட்டுப் போனாங்கன்னு சொன்னாங்க. அப்பா வாயே தொறக்கல. ஸ்கூல்ல என்னை ஓடிப்போனவன் பையன்னுதான் கூப்புடுவாங்க. அவரு போனதும் அட்டையில மாத்தி எழுதிட்டேன்.”

“கடற்படையில கேட்டா பதிவு குடுப்பாங்களே.”

“கேட்டேனுங்க. கவர் வந்துச்சு. பிரிக்கலீங்க.”

“ஏனுங்க?”

“ஓடிட்டாருன்னு இருந்துட்டா?”

பீரோவிலிருந்து கவரை எடுத்து வந்தார். முப்பது வருஷமாக ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. “நீங்களே பிரிங்க” என்று என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரித்தேன்.

இரண்டே தாள். படித்துச் சொன்னேன். “ஜூன் மூணுல இருந்து ஜூலை கடைசி வரைக்கும் பம்பாய் ஆஸ்பத்திரியில டைபாய்டு. அப்புறம் லீவுங்க. லீவு முடிஞ்சு வேற கப்பல்ல நாலு வருஷம். கப்பல் முழுகினப்ப அவரு கட்டில்ல கெடந்திருக்காரு.”

“அப்ப அப்பா ஓடலீங்களா?”

“ஓடலீங்க.”

அவர் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

அந்த வரியை எடுத்தாக வேண்டும், அந்தப் பயணத்திலேயே இல்லாதவருக்குக் கட்டுரையில் இடமில்லை என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

“எடுத்துருங்க சாமி” என்று உடனே சொல்லிவிட்டார். “அட்டையை மட்டும் புதுசா அடிக்கோணும். வாசகத்தை நீங்க ஒருக்கா பாத்துக் குடுங்க.”

அடுத்த மாதம் வருஷத் திருப்பலிக்குப் போயிருந்தேன். வின்சென்ட் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் அட்டையை வைத்தார். அப்பாவின் படம், அதன் கீழே ஒரே வரி: “1942 ஜூனில் டைபாய்டு காய்ச்சலால் ஆஸ்பத்திரியில் இருந்தார்.”