பன்னிரண்டாவது தலை

இரண்டாயிரம் வருஷமாகச் சாயாத பேரரசு அது. வானொலியும் தொலைபேசியும் வந்த பிறகும் சக்கரவர்த்தி மட்டும் போகவில்லை. ஆனால் எந்தச் சக்கரவர்த்தியும் நிலைத்ததில்லை. அதனால் அந்த மாகாணத்தில் சிலைக்கு உடம்பு ஒன்றுதான். ஆள் மாறினால் தலையை மட்டும் மாற்றுவார்கள்.

உடம்பைச் செதுக்குகிறவர் மூத்த சகலை. தலையைச் செதுக்குகிறவர் இளைய சகலை. திறப்பு விழாவில் எல்லாரும் அண்ணாந்து முகத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கியில் மூத்தவர் எடுத்த மடிப்புகளைக் காக்கைகூடச் சீண்டாது. அவருக்கு வயிறு எரிந்தது. அவர் மனைவியோ எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினாள்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் படம் பேப்பர்ல வந்திருக்கு. நீங்களும்தான் இருக்கீங்க, இருபது வருஷமா காலும் கையும் செதுக்கிக்கிட்டு!"

கடைத்தெருவில் புதிதாக வைக்கிற சிலைக்கு உடம்பு செய்தபோது மூத்தவர் அந்தக் காரியத்தைச் செய்தார். தலை உட்காரும் கழுத்துக் குழியை, கொடுத்த அளவுக்கு ஒரு விரற்கடை குறைத்துத் தோண்டினார். விழாவன்று தலை உள்ளே இறங்கவில்லை. இளையவர் ஏணியில் நின்றபடியே தலையின் அடித்தண்டைத் தேய்த்தார். கழுத்தில் விரிசல் விட்டது. பீடத்தில் ஏறிவிட்ட உடம்பை யார் அளந்து பார்ப்பார்கள்? மேலதிகாரி இளையவரைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, புதுத் தலையை மூத்தவரிடம் ஒப்படைத்தார்.

இளையவர் வாயே திறக்கவில்லை. திறக்காததுகூட மூத்தவருக்கு எரிச்சலாக இருந்தது.

நாற்பது நாள் சோறு தண்ணி மறந்து செதுக்கினார். இமைக்கு மட்டும் ஆறு நாள். தெருவே அண்ணாந்து பார்த்தது. மனைவி பேப்பரைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினாள்.

திறப்பு விழா முடிந்த ஒன்பதாம் நாள் தொலைபேசி அடித்தது. சக்கரவர்த்தி மாறிவிட்டார்.

பழைய தலையை, அதைச் செய்தவனே ஊர் பார்க்க உடைக்க வேண்டும். அதுதான் சட்டம். இளையவர் உடைப்பதை எத்தனையோ தடவை மூத்தவர் பார்த்திருக்கிறார், உள்ளூரச் சிரித்துக்கொண்டு.

தலையை இறக்கி வைத்தார்கள். மூத்தவர் சம்மட்டியைத் தூக்கினார். கை இறங்கவில்லை.

இளையவர் பக்கத்தில் வந்து நின்றார். "கண்ணைப் பாக்காதீங்க அண்ணே. காதுல இருந்து ஆரம்பிங்க. நான் பதினோரு தலை உடைச்சிருக்கேன்."

"தம்பி, அந்தக் குழி..."

"நீங்கதான் குறைச்சீங்க. ஏணியில நின்னு குழிக்குள்ள கையை விட்டப்பவே தெரிஞ்சுபோச்சு."

"பின்ன ஏன் சொல்லலை?"

"சொன்னா தலையைத் திரும்ப என்கிட்டதானே குடுப்பாங்க? ஒரு தடவையாவது உடைக்காம இருக்கலாமேன்னுதான்."

மூத்தவர் காதில் ஓங்கி அடித்தார். துண்டு தெறித்து இளையவரின் காலடியில் விழுந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தார். அந்தச் சும்மா இருந்த கைகளைப் பார்த்தபோது மூத்தவருக்கு வந்த பொறாமை, அதுவரை வாழ்நாளில் வந்ததே இல்லை.