பதினோராவது கட்டத்தில் ஓர் ஈரோட்டுத் துண்டு

உயர்மட்டக் கார் பந்தயத்தில் பதினோராவது இடத்தில் எங்கள் துண்டு கிடந்தது. நீலக் கட்டம் போட்ட ஈரோட்டுத் துண்டு. மூன்று பந்தயங்களாக அது அங்கேதான் இருந்தது. கொடி அசைந்ததும் மற்ற பத்துக் கார்களும் சீறிக்கொண்டு போகும். துண்டு போகாது. அதற்காக யாரும் அதைக் குறை சொன்னதில்லை. முடிவுப் பட்டியலில் அதற்கு நேராக 'இருக்கிறது' என்று எழுதிவிடுவார்கள்.

துண்டைப் போட்டது என் அக்கா துளசிமணி. பீளமேட்டில் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை உண்டு. பம்புசெட் வேலை போக மிச்ச நேரத்தில் ஐந்து வருடம் உழைத்து அக்கா ஒரு பந்தயக் கார் செய்திருந்தாள். ஓட்டுவதும் அவள்தான். காகிதங்களைப் பார்த்துக்கொள்வது நான். எங்கள் அணி என்பது இவ்வளவுதான்.

புதிதாகச் சேர விரும்பும் அணி பந்தயக் கழகத்துக்குப் போக வேண்டும். அலுவலகம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. அதன் தாழ்வாரம் ஆளுக்குத் தகுந்த மாதிரி நீளும். பழைய அணிக்காரர்களுக்கு நாலு எட்டு. நாங்கள் செவ்வாய்க்கிழமை நுழைந்து வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தோம். புதன்கிழமை மதியம் மணல் வாளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தக்காளிச் சோறு சாப்பிட்டோம். நல்ல காற்று வந்தது. எனக்கு அந்தத் தாழ்வாரம் பிடித்துப்போயிற்று.

செயலாளர் தேவசகாயம் எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அவருடைய மேசை எழுந்து நின்றது. படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இந்தப் பந்தயத்தில் இதற்கு முன் எத்தனை முறை ஓடியிருக்கிறீர்கள்? ஓடியதில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வருத்தத்தோடு படித்தார்.

"ஓடாதவங்கள எப்படிங்க ஓட உடறது?"

அப்படியானால் இந்தப் பத்து அணிகளும் முதல்முறை எப்படி வந்தன என்று அக்கா கேட்டாள். அவர்கள் வரவில்லை, இருந்தார்கள் என்று செயலாளர் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த பழைய போட்டோவைக் காட்டினார். அதில் தார்ச்சாலை இன்னும் போடப்படவில்லை. வேலிக்காத்தான் முள்ளுக்கு நடுவே பத்துக் கார்கள் வரிசையாக நின்று காத்திருந்தன. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அக்காவுக்குப் படவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பந்தயத் தடம் தெரிந்தது. பத்து வெள்ளைக் கட்டங்கள். பத்தாவதுக்குப் பின்னால் வெறும் தார். அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். பொள்ளாச்சி பஸ் உள்ளே வரும்போது இடம் பிடிக்க எப்படி வீசுவாளோ அப்படியே வீசினாள். துண்டு போய்ப் பத்தாவது கட்டத்துக்குப் பின்னால் விழுந்தது.

செயலாளர் பேனாவை மூடினார்.

"துண்டு போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டனுங்க."

"மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?"

விதிப் புத்தகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். துண்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் செயலாளரும் தினமும் கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவர் மணியடித்தார். ஒரு பெயிண்டர் வாளியோடு வந்து துண்டைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வரைந்துவிட்டுப் போனார்.

இடம் துண்டுக்குத்தான், காருக்கு இல்லை என்று செயலாளர் தெளிவாகச் சொன்னார். கார் வர வேண்டுமென்றால் பத்து அணிகளும் கூடித் தள்ளி உட்கார வேண்டும். கூட்டம் நான்காவது பந்தயத்தன்று காலையில் நடக்கும். அதுவரை துண்டு இருந்தது. ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் அக்கா அதைத் துவைத்துக் காயவைத்துத் திரும்பப் போட்டுவிட்டு வந்தாள்.

கூட்டத்தன்று பத்து அணிக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நீளமான பெஞ்ச். எல்லோரும் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் எதிரே நின்றோம்.

புதியவர்களுக்கு இங்கே இருக்கத் தகுதி உண்டா என்று செயலாளர் ஒவ்வொருவராகக் கேட்டார். முதல் அணிக்காரர், ஜனங்களின் கண் பத்துக் காருக்குத்தான் பழகியிருக்கிறது, பதினோராவதைப் பார்த்தால் வலிக்கும் என்றார். மூன்றாம் அணிக்காரர் சாலை தேய்ந்துவிடும் என்றார். அவர் கையில் சாலையின் ஒரு துண்டத்தைச் சான்றாக வைத்திருந்தார். ஆறாம் அணிக்காரர், புதியவர்கள் மெதுவாகத்தான் போவார்கள், வேகமாகப் போகிறவர்களுக்கு அது இடைஞ்சல் என்றார். மெதுவாகப் போகிறவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் யாரை முந்துவீர்கள் என்று அக்கா கேட்டாள். ஆறாம் அணிக்காரர் அதைக் குறித்துக்கொண்டார்.

பெஞ்சின் கடைசியில் நஞ்சப்பன் உட்கார்ந்திருந்தார். பத்தாம் அணி அவருடையது. பத்தொன்பது வருடமாகக் கடைசியாக வருகிறவர். மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் அகட்டினால் அவர் கீழே விழுந்துவிடுவார். புதியவர்களை வேண்டாம் என்று சொல்ல எல்லாக் காரணமும் அவருக்குத்தான் இருந்தது. செயலாளர் அவரைக் கேட்டதும் அவர் கையைத் தூக்கினார்.

"பத்தொம்போது வருசமா எனக்குப் பொறகால ஆருமே இல்லீங்க. கண்ணாடியப் பாத்தா வெறும் ரோடு. இப்ப மூணு பந்தயமா மொத வளைவு வரைக்கும் துண்டு தெரியுது. வளைஞ்சதும் மறுக்கா வெறும் ரோடுங்க."

நஞ்சப்பன் எழுந்து, ஒரு பக்கத் தொடை மட்டும் பெஞ்சில் படும்படி நகர்ந்து உட்கார்ந்தார். செயலாளர் அடிக்கோலை எடுத்து வந்து காலியான இடத்தை அளந்தார். ஓர் அங்குலம் இருந்தது. போதும் என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நஞ்சப்பனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் கட்டிப்பிடித்தால் அவர் விழுந்துவிடுவார்.

ஒரு நிபந்தனை உண்டு என்று செயலாளர் சொன்னார். இன்றைய பந்தயத்தில் குறைந்தது ஒரு காரையாவது பின்னால் விட வேண்டும். விடாவிட்டால் தகுதி இல்லை. அங்குலம் நஞ்சப்பனுக்கே திரும்பப் போய்விடும். கார் பட்டறைக்குப் போய்விடும்.

நாங்கள் முந்தக்கூடிய கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். அவரையாடா என்று மெதுவாகக் கேட்டாள். நஞ்சப்பனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அவர் எங்களிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"முந்தறதுன்னா முந்துங்க கண்ணு. அதுக்குத்தான வந்தீங்க. ஆனா கொஞ்ச நேரம் பொறகால வாங்க."

அக்கா பதினோராவது கட்டத்தில் கிடந்த துண்டை எடுத்து ரெண்டு உதறு உதறினாள். என்னிடம் கொடுத்தாள். துண்டு இருந்த இடத்தில் கார் நின்றது. புதிய அணிகளின் ஃபைலைப் பிடித்துக்கொள்ள ஒருவர் காரில் பின்புறம் பார்த்து உட்கார வேண்டும் என்பது விதி. நான் உட்கார்ந்தேன். மடியில் ஃபைல், தோளில் துண்டு.

கொடி அசைந்தது.

நாற்பது சுற்றுகள். அதில் முப்பத்தொன்பது சுற்று அக்கா நஞ்சப்பனுக்குப் பின்னாலேயே போனாள். முதல் வளைவு வந்தது. நாங்கள் கண்ணாடியை விட்டு மறையவில்லை. இரண்டாவது வளைவிலும் மறையவில்லை. சுற்றுக்குச் சுற்று அவருடைய கண்ணாடி பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தபோது அது பீரோக் கதவு அளவுக்கு வளர்ந்திருந்தது. அதில் அவர் முகம் முழுசாகத் தெரிந்தது. வளைவுகளில் கை காட்டினார். நானும் காட்டினேன். ஒருமுறை சாப்பிட்டாயிற்றா என்று சைகையில் கேட்டார். ஆயிற்று என்றேன். பந்தயம் இவ்வளவு இதமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

முப்பத்தொன்பதாவது சுற்றின் முடிவில் செயலாளரின் மேசை எங்கள் பக்கத்தில் உருண்டு வந்தது. இன்னும் ஒரு சுற்று என்று நினைவூட்டிவிட்டு முன்னால் போயிற்று.

அக்கா கியரை மாற்றினாள். ஐந்து வருடமாக அவள் அரத்தால் ராவி ராவிச் சரிசெய்த கார் அது. கடைசி வளைவில் வெளிப்பக்கமாகப் போய் நஞ்சப்பனை முந்தியது. சுத்தமாக முந்தியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது நஞ்சப்பன் எனக்கு நேர் எதிரே இருந்தார். அவர் எங்களைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தார். அவ்வளவு பெரிய கண்ணாடியில் வெறும் ரோடு.

"துண்டப் போடுடா," என்றாள் அக்கா. அவள் திரும்பவில்லை.

நான் வீசினேன். பஸ்ஸுக்கு வீசிப் பழக்கம் உண்டு. துண்டு நஞ்சப்பன் தலைக்கு மேலே விரிந்து போய், அவர் காருக்குப் பின்னால், ரோட்டின் நடுவில் விழுந்தது. விழுந்து கிடந்தது. வழக்கமாக அது கிடக்கும்.

பிறகு ஒரு முனை தூக்கியது. வர ஆரம்பித்தது.

நாங்கள் பத்தாவதாக வந்தோம். நஞ்சப்பன் பதினோராவது. செயலாளர் எங்கள் ஃபைலை வாங்கி முத்திரை குத்தினார். அக்கா முகத்தைத் துடைக்கத் துண்டைத் தேடினாள். இல்லை என்றதும் கையால் துடைத்துக்கொண்டாள். சிரித்தாள்.

தடத்தில் இன்னும் ஏதோ வருகிறதே, அது யாருடையது என்று செயலாளர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நஞ்சப்பன் முந்திக்கொண்டார். அவர் இன்னும் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

"தெரியலீங்க. ஆரோ எனக்குப் பொறகால எடம் போட்டிருக்காங்க."

செயலாளர் மணியடித்தார். பெயிண்டர் வாளியோடு வந்து நின்றார். துண்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் பாக்கி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். அக்கா உட்கார்ந்தாள், நான் உட்கார்ந்தேன், நஞ்சப்பனும் வந்து உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் இருந்த ஒன்பதாம் அணிக்காரரைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஆள் வருது என்றாள்.

அவர் தள்ளி உட்கார்ந்தார்.