பாதையை மறித்த வண்டி

வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே குடித்தனம் நடத்தும் கிழங்களுக்கு அரிசோனாவில் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. ஆற்றங்கரைச் சரணாலயத்தில் கரண்ட், தண்ணீரோடு வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். பதிலுக்குப் பாதையைக் கூட்டி, கழிப்பறை கழுவி, வருகிறவர்களுக்குப் பறவை காட்ட வேண்டும். ஜூலை வெயிலுக்குப் பயந்து மற்ற தொண்டர்கள் மலைக்கு ஓடிவிட்டார்கள். மார்லிஸும் அவள் புருஷன் ஆர்வினும் ஓடவில்லை. பாதை முடியும் இடத்து மரத்தில் மஞ்சள் அலகுக் குயில் ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும் மானமுள்ள குயில்.

அதன் குடும்பத்துக்குத்தான் விட்டேக்கர் உலை வைத்தார். காசு வாங்கிக்கொண்டு பறவை காட்டுவது அவர் தொழில். ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்து மரத்தடியில் நிறுத்தி, குயில் கூவும் பதிவைச் சத்தமாக ஓடவிட்டார். வேறு குயில் தன் இடத்தில் புகுந்துவிட்டதென்று நம்பிய தாய் பதறி எழுந்து வெளிக்கிளைக்கு வந்தது. கேமராக்கள் படபடத்தன. கூட்டில் முட்டைகள் உச்சி வெயிலில் கிடந்தன.

“யோவ், அத நிறுத்துய்யா! முட்டை வெந்துரும்!” என்று மார்லிஸ் பாய்ந்தாள்.

“அஞ்சே நிமிஷம்மா. இவங்கல்லாம் ஒஹையோலேருந்து வந்திருக்காங்க.”

“சந்திரன்லேருந்து வந்தா எனக்கென்ன? பாட்டு போடக்கூடாதுன்னு பலகை வெச்சிருக்கே. கழுத்துல இம்மாம்பெரிய பைனாகுலர், அது கண்ணுல படலியா?”

அவர் சிரித்தார். நாளைக்கு இன்னொரு கூட்டம் வருகிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மார்லிஸ் நேரே மேலாளர் கெண்ட்ராவிடம் போனாள்.

“அவர் நமக்கு நன்கொடை தர்றவரு, மார்லிஸ். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. நீங்க வெறும் தொண்டர்தானே?”

கழிப்பறை கழுவும்போது ‘நீங்கதான் எங்க முதுகெலும்பு’ என்று சொன்ன அதே வாய்! மார்லிஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வண்டிக்கு வந்து புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் பீன்ஸ் டப்பாவைத் திறந்தபடி, “ஊரோட ஒத்துப்போயேன்டி,” என்றான். ராத்திரி அவள் அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

ஆர்வின் ஒருதரம் மட்டம் பார்த்து நிறுத்திவிட்டால் பூகம்பம் வந்தாலும் வண்டியை அசைக்கமாட்டான். அப்படிப்பட்டவன் காலையில் கரண்ட் வயரையும் தண்ணீர்க் குழாயையும் கழற்றிக்கொண்டிருந்தான்.

“ஓடப்போறியா? தொடைநடுங்கி!” என்று கத்தினாள்.

அவன் வண்டியைக் கிளப்பிப் பாதையின் கடைசிவரை ஓட்டிப்போய், இரண்டு பக்க முள்வேலிக்கும் நடுவே குறுக்காக நிறுத்தினான். மரத்தடிக்கு ஆள் நுழைய இடமில்லை. அங்கே கரண்டும் கிடையாது, ஏசியும் ஓடாது.

விட்டேக்கரின் கூட்டம் வேனில் வந்து ஆரனடித்தது. கெண்ட்ரா வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தாள்.

“வண்டிய எடுங்க! இல்லேன்னா இன்னையோட உங்க இடம் போச்சு!”

“எடுக்கத்தான் பாக்குறேன் மேடம். ஸ்டார்ட் ஆகமாட்டேங்குதே,” என்றான் ஆர்வின். ஆயுசு பூராவும் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்தவன், கையில் ஒரு பொட்டு கிரீஸ்கூட இல்லாமல் நின்றான்.

“எப்பதான் ஆகும்?”

ஆர்வின் திரும்பி மரத்தைப் பார்த்தான்.

“குஞ்சுங்களுக்கு ரெக்க முளைக்கணும் மேடம்.”